காலிக் கேரியர்

தலத்தெரு என்கிற ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் சின்ன அமைப்பு எங்களுடையது. ஆறேழு பெண்கள், என் வீட்டுக் கொல்லைப்பக்க அடுப்பு, பக்கத்து ஊர் நெரவியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சாப்பாட்டை எடுத்துப்போகும் ஒருவர். சாப்பாடு கேரியரில் போகும். மறுநாள் அதைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கொரோனா இரண்டாம் முறை மூர்க்கமாக வந்தபோது எங்களில் ஒருத்தியும் படுத்துவிட்டாள். காய் வண்டியை மாநில எல்லையில் விடுவார்களா, நாளைக்குச் சமைக்க யார் மிஞ்சுவோம் என்று எதுவும் தெரியாது. இதில் கை மாறும் கேரியரால் யாராவது செத்துப்போனால்? பயந்துபோய்க் கேரியரை நிறுத்தினோம். இனி இலைப் பொட்டலம். கேட்டில் மாட்டி, ஹாரன் அடித்துவிட்டு வந்துவிட வேண்டியது. மறுநாள் பொட்டலம் அங்கே இல்லையென்றால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். எல்லோருக்கும் போனில் சொல்லியும்விட்டோம்.

கடைசி வீட்டுக்காரர் மின்சாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் நாகப்பட்டினத்தில், பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் நடுவில் எல்லை, இ-பாஸ் கிடைக்கவில்லை. குறை சொல்லாமல் ஒரு நாளும் அவர் கேரியரைத் திருப்பிக் கொடுத்ததில்லை. ரசம் சப்பென்று இருக்கிறது, சோறு குழைந்துவிட்டது. எனக்குச் சுள்ளென்று வரும். பொட்டலம் வந்த பிறகு அந்தக் குறையும் வரவில்லை. விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன்.

ஒருநாள் ஸ்கூட்டர்காரர் வரவில்லை, நானே கிளம்பினேன். கடைசி வீட்டுக் கேட்டருகே ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து வாலாட்டியது. பொட்டலத்தை மாட்டி, ஹாரன் அடித்து, வண்டியைத் திருப்புவதற்குள் அது எம்பி இழுத்துக்கொண்டு பக்கத்து மனைக்குள் ஓடிவிட்டது. எட்டிப் பார்த்தேன். புதர் ஓரம் முழுக்கக் கிழிந்த இலைகள். கைத்தடி ஊன்றி அந்த மனிதர் வாசலுக்கு வரும்முன் தினமும் இதுதான் நடந்திருக்கிறது.

கூப்பிட்டேன், பதில் இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, உடனே மூடிக்கொண்டது. உள்ளே போனால் நானும் தொற்றை வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் என் கணவருக்கு வீசிங். கேட்டைப் பிடித்தபடி நின்றேன். அந்த நிமிடம் அவர்மேலும் கோபம் வந்தது, ஒரு போன் செய்தால் என்ன கேடு என்று. பிறகு முந்தானையை முகக்கவசத்தின் மேல் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டிலில் கிடந்தார். உடம்பு கொதித்தது. பக்கத்தில் ஒரு ரஸ்க் பாக்கெட், வெந்நீர்ச் சொம்பு. உயிர் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஹாரன் கேட்டு வந்து பாப்பேன், கேட்டுல ஒண்ணும் இருக்காது. நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேம்மா. உங்களுக்கே என்ன கஷ்டமோ. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்கே கேரியரைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுங்கள், காலிக் கேரியர் கைக்கு வராத வீட்டில் நின்று கூப்பிடுங்கள் என்றேன்.

அடுத்த சில நாளில் எனக்கே காய்ச்சல். மாடி அறையில் தனியாக அடைந்துகொண்டேன். என் வீட்டு மாடிப்படியிலும் கேரியர் வைத்தார்கள். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. கேரியர் காலியாகப் போகாவிட்டால் எவளாவது மேலே ஏறி வந்துவிடுவாள், எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரிகள். சோற்றைக் காக்கைக்குக் கொட்டி, கேரியரைப் பளபளவென்று கழுவிப் படியில் வைத்தேன். மறுநாளும் அப்படியே செய்தேன்.

அதற்கு மறுநாள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர். குரல் தேறியிருந்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

கேரியரெல்லாம் காலியாகத்தான் போகிறது என்றேன்.

"அதக் கேக்கலம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் போனை வைக்காமல் காத்திருந்தார். இல்லை என்றேன்.