கடற்கழுகை நான் விரட்டிய காலை

என் தங்கையைப் பார்த்து எனக்குப் பொறாமை. அவளுடைய மாடி வீட்டைப் பார்த்தோ, கழுத்துச் சங்கிலியைப் பார்த்தோ இல்லை. என் மகள் அவளைச் "சித்தி" என்று கூப்பிடும்போது குரல் குழைந்து வருமே, அதைக் கேட்டுத்தான்.

பத்தாவது பரீட்சை முடிந்ததும், ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கடலூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனவள், ஒரு மாதமாகியும் திரும்பவில்லை. போன் பண்ணினால் கழுகுப் பேச்சுதான். "அம்மா, இன்னைக்கு பெரிய மீனு கொண்டாந்துச்சு." "அம்மா, குஞ்சு றெக்கைய அடிச்சிக்கினே இருக்குது." சாப்பிட்டாயா என்று நான் கேட்பது அவள் காதில் விழாது. கடைசியில் ஒருநாள் தங்கையே பேசினாள். "அக்கா, பிளஸ் ஒன் இங்கயே சேத்துடட்டுமா? ஸ்கூலும் கிட்ட. அவளுக்கும் ஊரு பிடிச்சுப்போச்சு."

இவளுக்குப் பெண் இல்லையென்றால் என் பெண்தானா கிடைத்தாள்? கோழிகளைப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மறுநாளே கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் மாறி, மதியத்துக்கெல்லாம் தங்கை வீட்டு வாசலில் நின்றேன். மகளைக் கையோடு அழைத்துப் போவது என்று முடிவு.

"பொழுது விடிஞ்சதும் பார்க்குக்குப் போலாங்க்கா, அந்தக் கழுக நீயே வந்து பாரு" என்றாள் தங்கை. போனேன். கடலை ஒட்டிய பூங்கா. சவுக்குத் தோப்பு, நடைபாதை, அதைத் தாண்டினால் மணல். அவர்கள் இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை ஓரமாக ஒரே நடையில் போனார்கள். நான் ஈர மணலில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஒருத்தியாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

தோப்பின் கடைசியில் ஓர் உயர்ந்த மரத்தில் கூடு இருந்தது. மகள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் தங்கையிடம்தான் நீட்டினாள். அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது. என்னிடம் கொடுத்தபோது எனக்குக் கிளையும் இலையும் கலங்கலாகத் தெரிந்தன. "திருகணும்மா, அதத் திருகு" என்று பொறுமையாகச் சொன்னாள். விருந்தாளியிடம் பேசுகிற பொறுமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசாதீங்க, வருது" என்றாள் தங்கை. கடல் பக்கமிருந்து கழுகு வந்தது. வெள்ளை வயிறு, கால்களில் மீன். நடக்க வந்தவர்களில் ஒருவர் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டிலிருந்து குஞ்சு கத்தியது. என் மகள் தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கழுகை விட்டுவிட்டு நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"ஹேய்ய்! ஓடு! ஹோய்!"

கைதட்டிக் கத்திவிட்டேன். மலையடிவாரத்தில் எங்கள் பக்கம் கோழி வளர்க்கிற எந்தப் பெண்ணும், தலைக்கு மேல் பருந்து வட்டமிட்டால் இப்படித்தான் கத்துவாள். கழுகு சட்டென்று திரும்பி, மீனோடு கடல் பக்கமே போய்விட்டது.

நடக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க ஊர்ல கோழிக்குஞ்சத் தூக்கிடும். அக்காவுக்கு அந்தப் பழக்கம்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். "ஆமாங்க, கை தானா தட்டிடுச்சு" என்று நானும் சேர்ந்துகொண்டேன். வாய் கூசாமல் சொன்னேன்.

குஞ்சு மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. மகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. அந்தப் பாழாய்ப்போன கழுகு வந்து தொலைத்தால் போதும் என்று நானும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. அதன் பிறகுதான் தங்கை தண்ணீர் வாங்கக் கடைக்குப் போனாள். குஞ்சு மீனைத் தின்று முடிக்கும்வரை மகள் பார்த்துவிட்டு, பைனாகுலரை உறையில் போட்டாள்.

"வேணும்னுதான கத்துன?"

"இன்னாடி பேசுற? பழக்கம்டி."

"நம்ம வூட்ல நீ மொதல்ல குஞ்சுங்களதான் பாப்ப. அப்புறம்தான் கத்துவ. இங்க நீ என்னப் பாத்துக்கினே கத்துன."

தண்ணீர் பாட்டிலோடு தங்கை தூரத்தில் வருவது தெரிந்தது.

"சித்திகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தாள். "நான் இங்கயே சேந்துக்கிறேம்மா."

"சரி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவாள்.