அம்மாவுக்கு வாங்கிய குடை

போர்த்துக்கீசியர் வந்திறங்கிய ஊரைக் காட்டுகிறேன் என்று சித்தப்பா சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முழுப்பரீட்சையில் நான் கோட்டை விட்டது கணக்கில், வரலாற்றில் அல்ல. கடல் பார்க்க வேண்டுமென்றாலும் காரைக்கால் பக்கத்துப் போலகத்துக்காரர்கள் நாகப்பட்டினம் வரை போக வேண்டியதில்லை. அப்பா மட்டும், பிள்ளைக்கு அறிவு வளரட்டும் என்று தலையாட்டினார்.

பஸ்ஸில் சித்தப்பாவின் மடியில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. நீளமாக, உருண்டையாக இருந்தது. தொடப் போன என் கையைத் தட்டிவிட்டார். காரைக்காலில் பாட்டில் சரக்கு மலிவு. இப்படிச் சுற்றிக்கொண்டு தெற்கே போகிறவர்களை எல்லையில் வாஞ்சூர் செக்போஸ்ட்டில் இறக்கிவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சித்தப்பா என்றால் எனக்கு உயிர். அவரை இறக்கிவிட்டால் நானும் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் பயந்தபடியே போலீஸ்காரர் ஒருவர் ஏறி, பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் பூப்போட்ட மடக்குக் குடை.

"அண்ணிக்கு வாங்குனதுங்க," என்றார் சித்தப்பா.

"அண்ணிக்கு வாங்குனத ஏன் ஊர விட்டு எடுத்துட்டுப் போறீங்க?"

மழை வரும்போல இருந்தது என்றார் சித்தப்பா. போலீஸ்காரர் குனிந்து சன்னல் வழியே சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சுவரைக் காட்டி, போர்த்துக்கீசியர் கட்டியது என்றார். அதில் சிமென்ட் வாசனைகூடப் போகவில்லை. பிறகு கடற்கரையில் என்னை பஜ்ஜி வாங்க அனுப்பினார். திரும்பி வந்தால் குடையைக் காணோம். தூரத்தில் ஓர் அக்கா அதை விரித்துப் பிடித்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் துரத்த ஓடினேன். சித்தப்பா என்னைப் பிடித்து நிறுத்தி, பஜ்ஜி ஆறிவிடும் என்றார். இப்படியும் ஓர் ஏமாளியா என்று ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குடை போனதற்கு அம்மா கவலைப்படவில்லை. அந்த அக்கா பார்க்க எப்படி இருந்தாள், சிரித்த முகமா என்று மட்டும் துருவித் துருவிக் கேட்டாள். போலீஸில் சொல்ல அடையாளம் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. நான் பேசிக்கிறேன்."

அதன்பின் அப்பா பல நாள் சித்தப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அம்மாவோடு தாம்பாளம், பழம், பூ சகிதம் நாகப்பட்டினம் போனார். குடையைத் திருப்பிக் கேட்கத்தான் போகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் குடை வந்து சேர்ந்தது. கூடவே அவளும் வந்தாள். சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் என் பென்சில் டப்பாவைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். வெளியே வந்து பார்த்தால், அம்மா பீரோ சாவியை எடுத்து அந்தத் திருடியின் இடுப்பிலேயே செருகிவிட்டுக்கொண்டிருந்தாள்.