அத்தை, குதிங்க

‘குதி’ என்பது இரண்டு எழுத்து. ‘குதிங்க’ நான்கு. ‘அத்தை, குதிங்க’ என்றால் ஏழு. மலேசியாவில் ஒரு தமிழ் நாளிதழில் தலைப்புகளுக்கு எழுத்து எண்ணும் வேலையில் இருந்தவள் நான். இதெல்லாம் எண்ணாமலே தெரியும். ஆனால் ஏழு எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் ஆமை பள்ளத்தில் விழுந்துவிடும் என்பது கல்யாணமாகிக் கிள்ளான் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆமையை நடத்தியவர் என் மாமியார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. கேரித் தீவில் பிறந்து, ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்து, முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் இருந்த கேம் மெஷின் கொழுந்தனுடையது. அம்மாவும் மகனுமாக ஒரு விளையாட்டின் முதல் பாகத்தை ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆடி முடித்திருந்தார்கள். பிறகு கொழுந்தனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. போகும்போது இரண்டாம் பாகத்தின் கேசட்டை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மெஷினில் இரண்டு கன்ட்ரோல்கள். ஒன்றைப் பிடிக்க ஆள் இல்லை.

நான் அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், பசியாறும்போது மாமியார் கேட்டார்: “உனக்கு வேல ரெண்டு மணிக்குத்தானே?”

“ஆமாங்க அத்தை.”

“காலையில சும்மாதானே இருக்க?”

சமையலறையில் ஏதோ வேலை வரப்போகிறது என்று எழுந்து நின்றேன். அவர் என் கையில் கன்ட்ரோலைக் கொடுத்தார்.

கதை இதுதான். ஓர் ஆமையும் ஒரு நாரையும் வாழும் தீவில் பெரிய மணி ஒன்று இருக்கிறது. முதல் பாகத்தில் அது திருடு போகிறது. இருவரும் ஏழு தீவுகளைக் கடந்து மீட்டு வருகிறார்கள். இரண்டாம் பாகத்தில் அதே மணி, அதே இடத்திலிருந்து, மறுபடியும் திருடு போகிறது.

“இவ்ளோ பெரிய மணி. ஒருக்கா காணாம போயிருக்கு. ஒரு ஜாகா போட்டிருக்க மாட்டானுங்க?” என்றார் மாமியார். ஜாகா என்றால் எங்கள் ஊரில் காவல்காரர். கேள்வி நியாயமானது. பதில் ஒருவேளை திரையில் ஓடிய ஜப்பானிய எழுத்தில் இருந்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

குடும்பத்தோடு ஆடும் விளையாட்டு என்பதற்கு அடையாளமாக, கேசட் பெட்டியின் மேல் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். மாமியார் மருமகள் யாரும் படத்தில் இல்லை.

இதில் யாரும் சாகமாட்டார்கள். பள்ளத்தில் விழுந்தவர் திரையின் ஓரத்தில் ஒரு மூங்கில் கூடைக்குள் உட்கார்ந்திருப்பார். மற்றவர் திரும்பி வந்து மூடியைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கூடைக்கு மாமியார் வைத்த பெயர் வார்டு. “அலாமாக், மறுபடி அட்மிட் ஆயிட்டேன். வந்து டிஸ்சார்ஜ் பண்ணு” என்பார்.

முதல் பாகத்தில் நாரைக்கு வேலையே இல்லையாம். சும்மா கூட வந்தால் போதுமாம். இரண்டாம் பாகத்தில் ஒருவரை விட்டு மற்றவர் போக முடியாது. ஆமை முன்னே நடந்தாலும் நாரை வந்து சேரும்வரை திரை நகராது. நாரை ஒரு பலகையை மிதித்தால் பள்ளத்தின் மேல் பாலம் எழும்பும். எழும்பிய உடனே ஆமை குதிக்க வேண்டும், இல்லையென்றால் பாலம் இறங்கிவிடும். பாலம் எப்போது எழும்பும் என்பது பலகையை மிதிப்பவருக்குத்தான் தெரியும். அதாவது எனக்கு.

“அத்தை, குதிங்க.”

ஆமை விழுந்தது.

“அத்தை, இப்ப குதிங்க.”

மறுபடியும் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் மாமியார் கன்ட்ரோலை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ அத்தைன்னு ஆரம்பிக்கிறப்ப பாலம் வருது. குதின்னு சொல்றப்ப பாலம் இருக்கு. ங்க போடுறப்ப பாலம் போயிருது.”

“பழக்கமாயிடுச்சுங்க அத்தை.”

“பாரு, இப்பவும் போடுற. மரியாதைய சமையக்கட்டுல குடு. இங்க குதின்னா குதி.”

பிரிக்பீல்ட்ஸில் என் அம்மா வீட்டில் தபால்காரரையும் ‘வாங்க’ என்றுதான் அழைப்போம். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா எனக்குச் சொன்ன புத்திமதிகளில் பாதி, மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பற்றியது. இந்த நிலைமையை அம்மா எதிர்பார்த்திருக்கவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ‘குதி, குதி’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கிள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

ஒன்பதாவது நாள் வாயில் வந்துவிட்டது. “குதி!”

ஆமை குதித்துப் பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்றது. மாமியார் எழுந்து போய் இரண்டு கோப்பை தேநீர் கலக்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வேகம் கூடியது. ஒவ்வொரு தீவு முடிந்ததும் திரையில் ஒரு வரி ஜப்பானிய எழுத்து வரும். அதைக் குறித்துவைத்துக்கொண்டால், மறுநாள் அந்த எழுத்துகளைக் கொடுத்து அங்கிருந்தே தொடரலாம். மாமியார் அவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் கோலம் போடுவதுபோல வரைந்து வைப்பார். ஒரு முறை மெஷின் அவர் வரைந்ததை ஏற்கவில்லை. ஒரு தீவு முழுவதையும் திரும்ப ஆடினோம். அப்போதுதான் கவனித்தேன்: சில எழுத்துகளின் தலையோரம் இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தன. டிவியில் தூசி என்று நினைத்து மாமியார் அவற்றை விட்டுவிட்டார். விட்டுப்போன புள்ளியைத் தேடுவதற்குத்தான் எனக்கு அலுவலகத்தில் சம்பளம். அன்றிலிருந்து அவர் வரைவார், நான் மெய்ப்புப் பார்ப்பேன்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் அவரிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. நானும் கணவரும் சுபாங் ஜெயாவில் மாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருந்தோம். என் வேலை முடிய இரவு ஆகும். கிள்ளானுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. கணவரின் அலுவலகமும் அந்தப் பக்கம்தான். காரணங்களில் குறையில்லை. ஆனால் நாங்கள் போய்விட்டால் மாமியார் அந்த வீட்டில் தனியாக இருப்பார். கணவர் இதைத் தன் அம்மாவிடம் சொல்வதாக இருந்தார். மூன்று மாதமாகச் சொல்வதாக இருந்தார்.

“நீயே சொல்லிரேன். நீங்க ரெண்டு பேருந்தான் தினம் ஒண்ணா உக்காந்திருக்கீங்க” என்றார்.

“உங்க அம்மா.”

“உன் பார்ட்னர்.”

நாலாவது தீவு முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்த அன்று அவர் சந்தோஷமாக இருந்தார், சொல்லவில்லை. ஐந்தாவது தீவில் எரிச்சலாக இருந்தார், அப்போதும் சொல்லவில்லை. பத்திரிகையில் ஒரு செய்தியை நிறுத்திவைக்க ஒரே காரணம்தான் சொல்வோம்: இன்னும் ஊர்ஜிதமாகவில்லை. இந்தச் செய்தி முத்திரைத்தாளில் ஊர்ஜிதமாகியிருந்தது.

ஆறாவது தீவில் எதிர்வீட்டு ஆன்டி வந்தார். கையில் கறிவேப்பிலை. நாங்கள் கவனிக்கவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன்: “நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல? பின்னால போ. இப்ப குதி!”

ஆன்டி கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றார். “என்னாக்கா இது, மருமக உங்கள நில்லு, போங்கறா?”

மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னைய இல்ல. ஆமைய.”

“ஆமையவா?”

“அந்தா, பச்சையா இருக்கு பாரு. சொன்ன பேச்சு கேக்காது.”

ஆன்டி ஆமையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நம்ம காலத்துல மாமியாருக்கு முன்னால நாற்காலியில உக்கார மாட்டோம்லா.”

“நம்ம காலத்துல ஆமையும் இல்லலா. கருவேப்பிலைய அங்க வச்சிட்டுப் போ.”

அன்றோடு அது சட்டமாகிவிட்டது. ஒருமையில் சொல்வதெல்லாம் ஆமைக்கு. பன்மையில் சொல்வது மாமியாருக்கு.

ஏழாவது தீவின் கடைசியில் ஒரு கோபுரம். அதன் உச்சியில் மணி. வெள்ளிக்கிழமை காலையில் கோபுரத்தின் பாதி உயரத்தில் இருந்தோம். கணவர் வேலைக்குக் கிளம்பும்போது என் காதருகே, “புதன்கிழம சாவி. சொல்லிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

பலகையை மிதித்தேன். “குதி. நில்லு. மேல ஏறு. இன்னும் கொஞ்சம். நாங்க சுபாங் ஜெயாவுல வீடு வாங்கிட்டோம். புதன்கிழம சாவி குடுக்கறாங்க. இப்ப குதி.”

ஆமை குதிக்கவில்லை. அதன் காலடியில் பாலம் இறங்கியது. ஆமை விழுந்து கூடைக்குள் போய் உட்கார்ந்தது. நாரை மட்டும் மேலே நின்றது. இசை ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகளுக்கான இசை, ரொம்ப உற்சாகமானது.

“இத ஆமைகிட்ட சொன்னியா, என்கிட்ட சொன்னியா?” என்றார் மாமியார்.

“உங்ககிட்டதாங்க அத்தை.”

“அப்ப மரியாதையா சொல்லு.”

கன்ட்ரோலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். “அத்தை, நாங்க சுபாங் ஜெயாவுல ஒரு வீடு வாங்கியிருக்கோங்க. வர்ற புதன்கிழம சாவி குடுக்கறாங்க. உங்களுக்கும் ஒரு ரூம் இருக்குங்க அத்தை. நீங்களும் வரணுங்க.” 

“நீ ராத்திரி வருவ. அவன் எட்டு மணிக்கு வருவான். அது வரைக்கும் அந்த ரூம்ல நான் யார்கிட்ட பேசுறது? இங்கயாச்சும் எதிர்வீட்டுக்காரி வந்து வம்பு பேசுவா.”

மாமியார் எழுந்து மெஷினை அணைத்தார். எப்போதும் தீவு முடிந்து எழுத்துகளை நோட்டுப்புத்தகத்தில் வரைந்த பிறகே சுவிட்சில் கை வைப்பவர், அன்று காத்திருக்கவில்லை. ஏழாவது தீவில் நாங்கள் ஏறிய உயரம் அதோடு போயிற்று.

மறுநாள் மெஷின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அடுத்த நாளும். மாமியார் என்னோடு பேசாமல் இல்லை. சோறு போடுவார், குடை எடுத்துக்கொண்டு போகச் சொல்வார், பாசாரில் மீன் நன்றாக இல்லை என்பார். பத்து மணி ஆனதும் தையல் மெஷின் பக்கம் போய்விடுவார். நான் பேப்பர் படித்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு காலையில் பேப்பரை முழுவதும் படித்தது அந்த நாட்களில்தான். நிறைய எழுத்துப் பிழைகள் இருந்தன.

சாவி வாங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது. கட்டில், அலமாரி, என் புத்தகப் பெட்டிகள் ஏறின. கணவர் லோரிக்காரரிடம் தேவைக்கு அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார். மாமியார் உள்ளேயிருந்து வந்து என்னிடம் ஒரு பொருளை நீட்டினார். இரண்டாவது கன்ட்ரோல். ஒயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

“மெஷின் இங்கதான் இருக்கும். ஒண்ணு என்கிட்ட. இது உன்கிட்ட.”

“மெஷின் இல்லாம இத வச்சு என்னங்க அத்தை பண்றது? ரெண்டும் இங்கயே இருக்கட்டும்.”

“இங்க இருந்தா தூசி புடிக்கும். அங்க இருந்தா தினம் உன் கண்ணுல படும்.”

சுபாங் ஜெயா வீட்டில் அதை டிவிக்கு மேல் வைத்தேன். எதிலும் சேராத ஒரு கன்ட்ரோல். வீடு பார்க்க வந்தவர்களில் ஒருவர், மெஷின் எங்கே என்று கேட்டார். “கிள்ளான்ல” என்றார் கணவர். வந்தவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்ட்ரோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஃபெடரல் ஹைவேயில் இரண்டு டோல் தாண்டிக் கிள்ளானுக்குப் போனோம். மெஷின் மேல் துண்டு இல்லை. நோட்டுப்புத்தகம் ஆறாவது தீவின் பக்கத்தில் திறந்து கிடந்தது. கோபுரத்தை அடியிலிருந்து ஏற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. உச்சியில் மணிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கயிறுகள். இருவரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். இந்த முறை எண்ணியவர் மாமியார்.

“ஒண்ணு. ரெண்டு. இழு!”

மணி அடித்தது. ஆமையும் நாரையும் எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கின. பிறகு ஜப்பானிய எழுத்து வெகுநேரம் மேலே ஓடியது. மாமியார் கடைசி வரி வரை பார்த்தார்.

“இந்தவாட்டியாச்சும் ஜாகா போட்டானுங்களா?”

“தெரியலைங்க அத்தை.”

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது கன்ட்ரோலை ஒயர் சுற்றி, மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். விளையாட்டு முடிந்துவிட்டது. எடுத்துப்போக வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதற்கும் ஒரு காரணம் யோசித்தேன், அதுவும் கிடைக்கவில்லை. கணவர் காரை எடுத்துவிட்டார். மாமியார் செருப்புப் போடாமல் கேட்டுக்கு வெளியே வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். கன்ட்ரோலை உள்ளே நீட்டினார்.

“இத யாரு எடுத்துட்டுப் போறது?”

“அதான் முடிஞ்சிருச்சேங்க அத்தை.”

“ரெண்டாவது பாகந்தானே முடிஞ்சிருக்கு. மொத பாகம் நீ ஆடவே இல்லையே.”

“அதுல நாரைக்கு வேலையே இல்லன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க. சும்மா கூட வந்தா போதும்னு.”

“அப்ப சும்மா வா” என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.