ஒரு வீசைத் தண்ணீர்

1959 ஜூன் 4, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. மேல்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஆமத்தூர்க் கண்மாய்க் கரையின் உச்சியில் ஆளுக்கொரு பால்பவுடர் டின்னைப் படுக்கவைத்துப் பிடித்தபடி நானும் பெரியம்மா மகனும் குந்தியிருந்தோம். இருவருக்கும் ஒன்பது வயது. அவன் நாலு மாதம் மூத்தவன். அண்ணன் என்று கூப்பிட நாலு மாதம் போதாது என்பது அப்போது என் கட்சி.

பெரியப்பா இறந்தபின் பெரியம்மா விருதுநகர் சாலையில் மூன்று மைல் தள்ளியிருந்த தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அவன் எங்கள் வீட்டில் வளர்ந்தான். வெறுமனே வளர்ந்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அம்மா அவனுக்குத்தான் முதலில் சோறு போட்டாள். பட்டாசு லாரி ஓட்டிய தாய்மாமா அந்த வருஷம் ஏழு முறை வந்தார். ஏழு முறையும் முதலில் தடவியது அவன் தலையை.

டின் உருட்டினாலும் அவன்தான் ஜெயிப்பான். என் டின்னில் மணலைத் திணித்திருந்தேன். அவன் தண்ணீரை நிரப்பி, மூடியை மெழுகால் அடைத்திருந்தான். கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். என்னுடையது ஒன்றரை வீசை, அவனுடையது ஒரு வீசை. கனமானது முந்தத்தானே வேண்டும்? ஆணிகளைச் சேர்த்து இரண்டு வீசையாக்கினேன். அப்போதும் அதே மூன்று முழம் பின்னால்தான் வந்தேன்.

போன தடவை வந்தபோது மாமா பந்தயம் கட்டிவிட்டுப் போயிருந்தார். "அடுத்த வாட்டி மதுரைக்கு லோடு போறப்ப ரெண்டு பேரையும் ஏத்திக்கிடுதேன். ஜெயிக்கிறவனுக்கு ஜன்னல் சீட்டு, தோத்தவன் நடுவுல."

அதனால் அன்று விடிந்ததும், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவன் டின்னைத் திறந்து தண்ணீரைக் கொட்டினேன். வெடிக்குழாய் உருட்ட அம்மா முந்தின நாள் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையை முக்கால் டின்னுக்கு ஊற்றி, மறுபடி மெழுகு வைத்தேன்.

லோடோடு வந்திருந்த மாமா கைதட்டினார். விட்டோம். அவன் டின் இரண்டு சுற்று சுற்றியது, தயங்கியது, மறுபடி ஒரு சுற்று, மறுபடி தயக்கம். என் டின் அடிவாரத்தைத் தொட்டபோது அவனுடையது பாதிச் சரிவில் இருந்தது. பிறகு கல்லில் மோதி மூடி தெறித்தது. பசை வழிந்தது.

அம்மா ஓடிவந்து அவன் முதுகில் வைத்தாள். "எம்புட்டு வேலை கெடக்கு! வெளாட ஒனக்குப் பசைதான் கெடச்சுதாலே?" மூன்று அடி. அவன் என்னை ஒருமுறை பார்த்தான். குனிந்து காலி டின்னைப் பொறுக்கிக்கொண்டான்.

ஊருக்கு வெளியே லோடோடு லாரி நின்றது. மாமா என் தோளைத் தொட்டார், வழக்கமில்லாமல். "ஏலே, அவன் ஓரத்துல உக்காரட்டும்லே."

"ஜெயிச்சது நான்ல மாமா?"

மாமா எதையோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு அவனே நடுவில் ஏறிக்கொண்டான். அவன் காலடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மாமாவுடையது என்று நினைத்தேன்.

மூன்றாவது மைலில் லாரி மெதுவானது. இடப்பக்கம் தீப்பெட்டிக் கம்பெனி. வாசலைவிட்டுத் தள்ளி, சாலையோரம் பெரியம்மா நின்றிருந்தாள். பட்டாசு லோடு வண்டி தீப்பெட்டிக் கம்பெனிப் பக்கம் நிற்கக் கூடாது. மாமாவால் மெதுவாக்கத்தான் முடியும். அவன் என் மேல் சாய்ந்து எக்கினான். என் ஜன்னலாயிற்றே, முழங்கையால் அவன் நெஞ்சைத் தள்ளினேன். பெரியம்மா கூடவே ஓடிவந்தாள். என் முகத்தைத் தாண்டி உள்ளே தேடினாள். "எங்கலே அவன்?" என்றாள். ஒரு சேவுப் பொட்டலத்தை உள்ளே எறிந்தாள். அது என் மடியில் விழுந்தது. அதற்குள் லாரி தாண்டிவிட்டது. அவள் கூடவே ஓடிய நேரத்தை மனசுக்குள் எண்ணியிருந்தேன்: ஏழு.

மதுரையில், அப்பா இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் ஒரு அனாதை விடுதியின் வாசலில் பெட்டியோடு அவன் இறங்கினான். திரும்பும்போது ஜன்னல் சீட்டும் நடு சீட்டும் எனக்கே.

கல்லூரியில் படித்தபோதுதான் புரிந்தது. சரிவில் முந்துவதற்குக் கனம் உதவாது. மணல் டின்னோடு சேர்ந்து சுழன்றாக வேண்டும். தண்ணீர் சுழலாமல் சும்மா வழுக்கிக்கொண்டு போய்விடும். பசை இரண்டும் செய்யாது, உள்ளேயே உராய்ந்து வேகத்தைத் தின்றுவிடும். அவன் எப்படியும் ஜெயித்து, அம்மாவைப் பார்க்க ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவான் என்று நம்பித்தான் மாமா அந்தப் பந்தயத்தைக் கட்டினார் என்பது புரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முக்கால் டின் பசை அம்மாவுடையது. மூன்று அடி அவன் முதுகில் விழுந்தது. ஏழு எண்ணும் நேரம் அவனுக்கும் பெரியம்மாவுக்கும் சேர வேண்டியது. பொட்டலத்தில் பாதியை நான்தான் தின்றேன். எப்படிக் கூட்டினாலும் எனக்கு ஆன செலவு, சல்லிக்காசு இல்லை.