மாமாவைத் திருப்பி அனுப்பிய உண்டிவில்

மாமா வெளிநாட்டுக்குப் புறப்பட்டுப் போன மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கியதும் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் எண்ணுக்குப் போட்டால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா தறியில் உட்காருவாள், நாலு இழை ஓட்டுவாள், எழுந்து வந்து செல்போனைப் பார்ப்பாள். அப்பா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். அந்த வேலையை வாங்கித் தந்தது அப்பாவின் சிநேகிதர் என்பதால் அவருக்கு நடை கொஞ்சம் அதிகம்.

எனக்கு இருந்தது வேறு கவலை. மாமாவின் உண்டிவில் என்னிடம் இருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், ஆரணி பக்கத்துச் சேவூரில் எங்களோடுதான் இருந்தார். எந்த வேலையிலும் கால் தரிக்காதவர் என்பது அப்பாவின் கட்சி. ஆனால் தெருவில் அவருக்குத் தனி மரியாதை. காலையில் பாவு நீட்டும்போது, அதாவது நெய்யப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்யும்போது, குரங்குகள் வந்துவிடும். ஒன்று மேலே குதித்தால் போதும், பாவு பாழ். மாமா காய்ந்த களிமண் உருண்டையை உண்டிவில்லில் வைத்து எதிர்வீட்டுத் தகரக் கூரையில் அடிப்பார். குரங்கின் மேலும் படாது, இழையின் மேலும் படாது. சத்தத்துக்கே அவை ஓடிவிடும். எந்த வீட்டில் பாவு என்றாலும் மாமாவுக்கு அழைப்பு வரும், கூடவே காபியும் வரும்.

பெட்டி கட்டிய அன்று தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. வெளிநாடு போகிறவர் பெட்டியில் தன் கையால் ஏதாவது ஒன்றை வைத்தால்தான் எங்கள் தெருப் பெண்களுக்கு மனசு ஆறும். ஊறுகாய், பருப்புப்பொடி, அப்பளம், விபூதிப் பொட்டலம் என்று பெட்டி மூட மாட்டேன் என்றது. கடைசியில் மாமா உண்டிவில்லை எடுத்து, அங்கேயும் குரங்கு இருக்குமோ என்னவோ என்று சொல்லிச் சட்டைகளுக்கு நடுவில் செருகினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. போகும்போது அதை எனக்குத்தான் தருவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டேன். ஒட்டகம் மேய்கிற ஊரில் குரங்குக்கு எங்கே போவார் என்பது என் நியாயம்.

மூன்றாம் நாள் மத்தியானம், அதே பெட்டியோடு மாமா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

அம்மா முதலில் அழுதாள், பிறகு சோறு போட்டாள். மாமா தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“அந்த ஊரு ஏர்போர்ட்ல பெட்டிய மிஷின்ல உட்டாங்கக்கா. உள்ள உண்டிவில்லு இருக்கறது தெரிஞ்சிபோச்சு. அங்க அது துப்பாக்கி மாதிரியாம். அப்டியே திருப்பி அனுப்பிட்டாங்க.”

யாரும் சந்தேகப்படவில்லை. அவர் அதைப் பெட்டியில் வைத்ததைத் தெருவே பார்த்திருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் வாசல் கோர்ட்டாகிவிட்டது. திருவிழாக் கடையில் தொங்கவிட்டு விற்கிறார்களே, அது எப்படிக் குற்றமாகும் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பக்கத்துவீட்டு வக்கீல் குமாஸ்தா, வக்கீலைவிட நிதானமாகப் பேசக்கூடியவர். இங்கே வைத்திருந்தால் குற்றமில்லை, அதைக்கொண்டு பறவையை அடித்தால் வனத்துறை பிடிக்கும், மனுஷனை அடித்தால் போலீஸ் பிடிக்கும், ஆனால் எல்லை தாண்டி எடுத்துப்போனால் அந்தந்த நாட்டுச் சட்டம் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் பிடிக்கும், பிடிக்கும் என்பதுதான்.

என்னிடம் இருந்த உண்டிவில்லை அங்கே மிஷின் எப்படிப் பார்த்தது? இதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தேன். பெட்டிக்குள் இப்போது இருப்பது மட்டுமல்ல, முன்பு இருந்து எடுக்கப்பட்டதும் அந்த மிஷினுக்குத் தெரியும். அப்படியானால் எடுத்தது யார் என்பதும் தெரிந்திருக்கும். ஆரணி போலீஸுக்குத் தகவல் வந்துசேர வேண்டியதுதான் பாக்கி.

அன்றிலிருந்து நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. உண்டிவில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. அம்மா அரிசி அளக்கப் போனால் நானும் பின்னாலேயே போவேன். தறிக்குழிக்குள் வைத்தேன், அம்மாவின் கால் படுமே என்று எடுத்தேன். ஸ்கூல் பையில் ஒரு நாள் முழுக்கச் சுமந்தேன். மாமாவும் அப்படித்தான் இருந்தார். உட்கார்ந்தால் எழுந்துவிடுவார், யாராவது ஏர்போர்ட் என்று பேச்செடுத்தால் தண்ணீர் குடிக்கப் போவார். அவருக்கும் போலீஸ் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போலீஸ் வந்தேவிட்டது. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு போலீஸ்காரர் செருப்பைக் கழற்றினார். மகள் கல்யாணத்துக்கு, நெய்கிற வீட்டிலேயே புடவை எடுத்தால் மலிவு என்று நம்பி வந்தவர். அது எனக்கு எப்படித் தெரியும்? உண்டிவில்லைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். மாமா வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“மாமா, போலீஸ் வந்துகீறாரு. இத ஜல்தியா எங்கனா போட்டுடு.”

மாமா அதைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது எப்படி என்னிடம் வந்தது என்று கேட்டார். குளிக்கப் போனபோது எடுத்தேன் என்றேன். உள்ளே அப்பாவும் போலீஸ்காரரும் பேசுவது நன்றாகக் கேட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, என்னையே பார்த்தார்.

“அக்காவுக்குத் தெரியுமா? வேற யார்கிட்டனா சொன்னியா, பாப்பா?”

இல்லை என்று தலையாட்டினேன். உண்டிவில்லை வாங்கி அடுப்புக்குள் திணித்தார். ரப்பர் கருகி நாற்றம் கிளம்பியது. என்ன நாற்றம் என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள். பிளாஸ்டிக் கவர் என்றார். விறகால் அதை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாத மாமா. யார் கேட்டாலும் நான் சொல்லமாட்டேன்.”

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போலீஸ்காரர் புடவையோடு கிளம்பிப் போன பிறகு, மாமாவை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றிவிட்ட கர்வத்தில் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் அவர் செய்யாரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கி வருவார். அவர் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு ஒரு நொடி நின்று, பிறகு தொடரும்.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல்முறை விமானம் ஏறியபோது, என் கைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரு தொட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவ்வளவுதான். சில நாடுகளில் உண்டிவில்லுக்குத் தடை இருப்பது உண்மைதானாம். ஆனால் பறித்துக்கொள்வார்களே தவிர, அதற்காக ஆளைத் திருப்பி அனுப்பித் தான் பார்த்ததில்லை என்று பக்கத்து இருக்கைக்காரர், அடிக்கடி பறக்கிறவர், சொன்னார். இறங்கியதும் அம்மாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“உன் மாமா பிளேனே ஏறலடி. ஏர்போர்ட் வாசல் வரிக்கும் போயி, உள்ள போக கால் வரலையாம். கோயம்பேட்ல ரூம் எடுத்துப் படுத்துகினு இருந்திருக்கான். அவன் கல்யாணத்துக்கு முந்தி எங்கிட்ட சொல்லி அழுதான்.”

எனக்கு மாமாவின் மேல் கோபம் வரவில்லை. அந்த வெந்நீர் அடுப்புதான் கண்முன் வந்தது. உள்ளே ஜரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரரால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அன்று அந்த வீட்டில் அவர் பயந்த ஒரே ஆள் நான். அது தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.