வாரத்தில் இரண்டு செத்த வீடு

பெனிற்றா குளியல் தொப்பியை ஸ்பீக்கருக்குப் போட்டுவிடுகிறார். உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு ஸ்பீக்கர். இதற்கு முந்தியது தண்ணீர் பட்டு ஊமையாகிவிட்டது. அதனால் இதற்குத் தொப்பியை இழுத்து மாட்டி, குளியலறைத் தட்டில் இருத்தி, குழப்படிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரலை ஆட்டுகிறார்: "கத்தாத. மெல்லப் பாடு."

இலண்டனின் செவன் கிங்ஸ் பகுதியில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் பராமரிப்பு வேலைக்கு அவர் வந்து ஒன்பது வருடங்கள். அதற்கு முன் ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரத்துப் பேக்கரி ஒன்றில் பதினாறு வருடம் மா பிசைந்தவர். அந்தக் கைப்பலம் இன்னும் இருக்கிறது. ஆளைக் கதிரையிலிருந்து எழுப்பும்போது தெரியும். யூனிபோர்மின் ஒரு பையில் ஸ்பீக்கர், மற்றதில் ஒரு சின்னக் கொப்பி. கொப்பியில் அறை இலக்கமும் அதற்கு நேரே பாட்டும். நாலாம் அறை அம்பலவாணனுக்கு நகம் வெட்டுவதென்றால் புல்லாங்குழல். ஏழாம் அறை அயர்லாந்துப் பெண்மணிக்கு மாத்திரை இறங்க அக்கோர்டியன், அதுவும் வேகமாக; மெதுவாகப் போட்டால் அழுதுவிடுவார். பதினோராம் அறைக்கு நேரே, "சும்மா விட்டாலே சந்தோசம்" என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறது.

தான் மட்டும் பாடமாட்டார். "நான் பாடினா பால் தேத்தண்ணி திரைஞ்சு போகும்" என்பார். யாழ்ப்பாணத்துப் பாசையூரில், மாதா கோயில் பாடகர் குழுவில் சேரப் போனவரை இரண்டாம் நாளே மெழுகுதிரி கொளுத்தும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

கொப்பியில் வெறுமையாகக் கிடந்தது ஒன்பதாம் அறைதான். எண்பத்தேழு வயதுத் தவநாயகி. ஞாபகம் சிதறிப்போனவர். குளியலறைக் கதவைக் கண்டாலே கத்துவார், கிள்ளுவார். ஒரு வெள்ளிக்கிழமை பெனிற்றாவின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துச் சுவரோடு எறிந்தார். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே நாளோட்டியதில் கழுத்து மடிப்பில் தோல் புண்ணாகத் தொடங்கியிருந்தது.

தலைமைத் தாதி பிறேமினி இலண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். "அக்கா, அடுத்த வெள்ளி டொக்டர் ரிவியூ. இப்பிடியே போனா அவ கட்டாயம் அம்மாவுக்குக் அமைதியாக்கிற மாத்திரை ஸ்டார்ட் பண்ணுவா."

"அதைக் குடுத்தா மனிசி நாள் முழுக்க நித்திரை. சாப்பிட எழுப்பவும் ஏலாது. எனக்கு இந்த ஒரு கிழமையைத் தாங்கோ."

கிழமை நல்லபடி தொடங்கவில்லை. சனிக்கிழமை வீணை போட்டார். "ஆர் வீட்டு றேடியோ? நிப்பாட்டு" என்று கட்டளை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலலைச் சத்தம். தவநாயகி அன்று பின்னேரம் ஆறு தரம் கழிப்பறைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை, போனில் தேடித் தேடி ஒரு சைவப் பதிகத்தைப் பிடித்தார். படத்தில் ஓர் ஆறு, ஒரு விளக்கு. ஒரு பெண் நிதானமாக இழுத்துப் பாடினாள். பெனிற்றா வேதக்காரி, கிறிஸ்தவர்; சைவப் பாட்டு எதற்கு எதுவென்று தெரியாது. அமைதியாக இருக்கிறதா என்பது மட்டுமே அவருக்குக் கணக்கு.

குளியலறை வாசலில் பாட்டு எழுந்ததும் தவநாயகியின் கத்தல் பாதியில் நின்றது. அந்த வழியாகப் போன பிறேமினி, "நல்லாயிருக்கு அக்கா, ஸ்பா மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவநாயகி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆர் மோசம் போனது?"

பெனிற்றா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சுண்ணம் இடிக்கினம், கேக்கேல்லையே? செத்த வீட்டுக்குப் போய் வந்து முழுகாமல் இருக்கலாமே, பிள்ளை? தண்ணியைத் திற."

சைவர்களின் செத்த வீட்டில், பிணத்துக்குப் பூசும் வாசனைப் பொடியான சுண்ணத்தை உரலில் இடிக்கும்போது பாடுகிற பாட்டு அது என்பது அப்போதுதான் விளங்கியது. பெனிற்றா பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார். ஆனால் தவநாயகி அதற்குள் தன் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டார். தானாகவே உள்ளே நடந்து கதிரையில் இருந்தார். தலையில் தண்ணீர் விழ விழ மூச்சு நீண்டது, தோள் இறங்கியது. வலக்கை மட்டும் உலக்கை பிடித்ததுபோல மடியில் ஏறி இறங்கித் தாளம் போட்டது.

"ஆரெண்டு கேட்டனான்?"

உயிரோடு இருப்பவர்களைச் சாகடிக்கப் பெனிற்றாவுக்கு மனம் வரவில்லை. "டோர்ட்முண்டில என்ர முதலாளி, அம்மா." அவர் உண்மையாகவே செத்துப் பன்னிரண்டு வருடம்.

"நல்ல மனிசனே?"

"ஓம். மிஞ்சின பாணெல்லாம் எங்களுக்குத்தான் தருவார்."

"அப்ப நாங்கள் போனது சரி."

புதன்கிழமை தவநாயகியின் மகள் சிவரூபினி வந்தபோது பெனிற்றா தானே எல்லாவற்றையும் சொன்னார். மறைத்துப் பழக்கமில்லை.

"என்னக்கா! செத்த வீட்டுப் பாட்டையோ என்ர அம்மாவுக்குப் போட்டனீங்கள்?"

"தெரியாமல் போட்டிட்டன், தங்கச்சி. இனிப் போடமாட்டன்."

சிவரூபினி தாயின் தலையைத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிக்கில்லாமல், சவர்க்கார வாசத்தோடு இருந்தது. தவநாயகி மகளின் காதோடு சொன்னார்: "செத்த வீட்டில தேத்தண்ணிக்குச் சீனி காணாது."

மகளுக்கு முதலில் கண்கலங்கியது. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெள்ளிக்கிழமையும் போடுங்கோ அக்கா. ஆனா எங்கட சொந்தக்காரரில ஒருத்தரையும் சாகடிச்சுப் போடாதேங்கோ."

"அதுக்கு முதலாளி இருக்கிறார்."

வெள்ளிக்கிழமை மருத்துவர் கோப்போடு வந்து, குளியலறைத் திரைக்கு இப்பால் பிறேமினியோடு நின்றார். செத்த வீட்டுப் பாட்டு நாலாம் அறை அம்பலவாணனின் காதில் விழுந்துவிடாதபடி பெனிற்றா சத்தத்தை இன்னும் ஒரு படி குறைத்தார். உள்ளே தவநாயகியின் கேள்வி எழுந்தது: "இண்டைக்கு ஆர்?"

"என்ர முதலாளி, அம்மா."

"பாவம் அந்த மனிசன்," என்றார் பிறேமினி, வாயைப் பொத்திக்கொண்டு. "ஒரு கிழமையில ரெண்டு தரம்."

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திரைக்கு அப்பால் கத்தல் இல்லை. தண்ணீரும் பாட்டும், முழங்காலில் கை விழும் மெல்லிய தாளமும்தான். சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுதிக் கோப்பை மூடினார்.

பிறேமினி திரைக்கு மேலால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பெனிற்றா தலை துவட்டத் துவாயை எடுக்கத் திரும்பியபோது பின்னாலிருந்து அதட்டல் வந்தது.

"நீயும் என்னோட செத்த வீட்டுக்கு வந்தனி தானே? முழுகாமல் எங்க போறாய்?"

தவநாயகி ஜக்கை நிரப்பி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். பெனிற்றாவுக்கு ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. அவர் ஸ்பீக்கரைத் தட்டின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஜக்குக்குக் கீழே தலையைக் குனிந்தார்.