அம்மா மூடாத காற்றுக் கதவு

அன்று காலை நானும் அம்மாவும் படுக்கை விரிப்பை மடித்தோம். ஆளுக்கு இரண்டு முனை. நான் தப்பான பக்கம் மடித்தேன்.

"இன்ஜினியராம். நீ மாட்டின மீட்டரை நம்பித்தான் இன்னைக்கு எரிக்கப் போறேன்" என்றாள்.

"மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு. உன் மோட்டர்தான் மக்கர் பண்ணுது."

"வாயை மூடிட்டு அந்த முனையைப் பிடிடா."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வீட்டு வேலை அது.

அம்மா ராக்கெட் மோட்டர் வடிவமைப்பவள். எரிபொருள் மெழுகு, நடுவில் துளை விட்டு, குழாய்க்குள் வார்த்தது. அந்தத் துளை வழியே ஆக்சிஜனைச் செலுத்தி எரிப்பது வழக்கம். ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு பறப்பது வீண் பாரம் என்பது அவள் கட்சி. "ஆத்துக்குள்ள நிக்கறவன் எதுக்குடா குடத்தையும் சுமக்கணும்?" என்பாள். பற்றவைக்க மட்டும் ஆக்சிஜன். பிறகு அதை மெல்ல மூடிவிட்டு, உள்ளே வரும் வெளிக்காற்றிலேயே எரிய வேண்டும். இரண்டு முறை சுடர் அணைந்திருந்தது. இன்னொரு முறை அணைந்தால் கைவிட வேண்டியதுதான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

சோதனை அறையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பற்றவைத்ததும், அவளாகப் பேசும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஓசையை வைத்தே மோட்டரின் நிலையைச் சொல்லிவிடுவாள். தும்மியதற்காக ஒருமுறை வெளியே நின்றவர் ஃபிட்டர்.

அறையில் மூன்று பேர். கனத்த கண்ணாடியைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகு காட்டி நாற்காலியில் அம்மா. வலக்கை ஆக்சிஜன் திருகில், இடக்கை, வெளிக்காற்றை உள்ளே விடும் காற்றுக் கதவின் பிடியில். பின்னால், மீட்டர் அளவுகள் கோடுகளாக ஓடும் திரை முன் நான். என் பக்கத்தில் ஃபிட்டர்.

பற்றியது. ஆக்சிஜன் கோடு சீராக இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. அழுத்தக் கோடு நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. காற்றிலேயே எரிந்தது.

திட்டப்படி உடனே காற்றுக் கதவை மூடி அணைத்திருக்க வேண்டும். அவள் மூடவில்லை. மோட்டர் எரிந்துகொண்டே இருந்தது. ஃபிட்டர் என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"ஆசை தீர எரியட்டும்னு அக்கா விட்டுட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி" என்று பிறகு சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மெழுகு தீர்ந்து எரியும் ஓசை தானாக அடங்கியது. காற்றின் இரைச்சல் மட்டும் மிச்சம். அவள் தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. உற்றுக் கேட்கிறாள் என்று காத்திருந்தோம். அவள்தானே முதலில் பேச வேண்டும்.

"அக்கா" என்றார் ஃபிட்டர், தயங்கித் தயங்கி.

நான் போய்த் தோளைத் தொட்டேன். சரிந்து என் மேல் விழுந்தாள். இடக்கை பிடியிலிருந்து நழுவியது. காற்றுக் கதவை ஃபிட்டர்தான் மூடினார்.

இதயம் என்றார் டாக்டர். "வலி தெரிஞ்சிருக்காதுப்பா."

"எப்ப நடந்துச்சு, டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாது."

எனக்கு அது தெரிய வேண்டும். மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிஜன் கோட்டில் பிசிறே இல்லை. அது அவள் கை. பூஜ்யத்துக்குப் பிறகு அவள் கை செய்த எதுவும் பதிவில் இல்லை. சுடர் நடுங்கியதை மட்டும் பார்த்தாளா, நிலைத்ததையும் பார்த்தாளா? கோடுகளில் விடை கிடையாது. திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

அம்மாவின் போன் என் சட்டைப் பையில் அடித்தது. பட்டறைக்காரர். நான் ஹலோ சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா, எரிஞ்சுச்சா? குழாயை நீங்களே எடுத்துட்டு வந்து, நெடுக அறுத்து உள்ள பாக்கணும்னு சொன்னீங்க. காலையிலேருந்து மெஷினைக் காலியா போட்டு வெச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?"

குழாய் இன்னும் சோதனை மேடையிலேயே இருந்தது.